பக்கத்துக் காணியிலை கல்லுக் கிடங்கு, என்ரை கிணறு உப்பாகுமோ?

துலாக்கால் | ஓகஸ்ட் 9, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். கன காலமா வாசிக்கிறனான், எழுதுறது இதுதான் முதல்தரம், பிழை இருந்தாப் பொறுத்துக்கொள்ளுங்கோ.

நாங்கள் யாழ்ப்பாணத்திலை வலிகாமம் வடக்கு, ஆமி காணியை விட்டாப் பிறகு திரும்பி வந்து இருக்கிறம். வீட்டுக் கிணறு அப்பப்பா காலத்திலை அலவாங்காலை வெட்டினது, 31 அடி, மேலை எட்டடிதான் கட்டினது, கீழை முழுக்கச் சுண்ணாம்புக்கல்லு. குடிக்கிறது சமைக்கிறது எல்லாம் அந்தத் தண்ணிதான், 4 பரப்பு வெங்காயமும் அதிலைதான். மேற்குப் பக்கத்துக் காணி 12 பரப்பு, சொந்தக்காரர் வெளியிலை, ஆரோ ஒரு கொந்திராத்துக்காரருக்குக் குடுத்திட்டார். கேட்டா மீன் குளம் வெட்டினமாம். மீனுக்கு ஏன் தம்பி ஒரு நாளைக்குப் பத்து டிப்பர் எண்டு கேட்டன், சிரிக்கிறாங்கள். பெக்கோவிலை கல்லுடைக்கிற பிறேக்கர் பூட்டி விடிய ஏழு மணிக்குத் துவங்கினா பின்னேரம் வரைக்கும் டக டக டக, குழந்தைப்பிள்ளை நித்திரை இல்லை.

இப்ப 18 அடி போட்டுது, இன்னும் தண்ணி காணேல்லை. என்ரை கிணத்திலையிருந்து ஒரு 60 மீற்றர் வரும். என்ரை கிணத்துத் தண்ணிமட்டம் நிலத்திலையிருந்து 22 அடி. கேள்வி ஒண்டுதான், இது என்ரை கிணத்தை உப்பாக்குமோ இல்லையோ? ஆக்கள் ஆளுக்கொரு கதை சொல்லீனம்.

பனங்கொட்டை | ஓகஸ்ட் 9, இரவு 9.58

அண்ணை மீன்குளம் எண்டா மீன் எப்ப பிடிக்கலாம் எண்டு கேளுங்கோ, தூண்டிலோடை நானும் வாறன். பகிடி விட்டிட்டுச் சொன்னா, எங்கடை ஊரிலையும் உப்பிடித்தான் ஒருத்தர் வெட்டினவர், இப்ப அது ஊர்க் குப்பைக் கிடங்கு.

சங்குச்சத்தம் | ஓகஸ்ட் 9, இரவு 10.31

ஒண்டும் ஆகாது தம்பி, பயப்பிடாதையும். எங்கடை அப்பா காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையிலை 22 வருசம் வேலை செய்தவர். அது 1950 இலை துவங்கி 1990 வரைக்கும் ஓடினது, நாப்பது வருசம் கல்லுக் கிண்டினவை, வெடி வைச்சுக் கிண்டினவை, கிடங்கெல்லாம் தண்ணி நிண்டு நாங்கள் நீந்தப் பழகினதே அதுக்குள்ளைதான். கீரிமலைக் கேணியிலை இண்டைக்கும் ஆக்கள் குளிக்கீனம்தானே. பக்ரறிச் சங்கு ஊதினா அம்மா உலையிலை அரிசி போடுவா, கூரை ஓடெல்லாம் சாம்பல் நிறமாக் கிடக்கும், ஆனா கிணத்துத் தண்ணி இளநி மாதிரி.

சுரங்கத்தான் | ஓகஸ்ட் 10, காலை 6.15

துலாக்கால் தம்பி, நான் சுரங்கத்துறை எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவன், முதல் பென்சிற்கரிச் சுரங்கத்திலை நிலத்துக்குக் கீழை, பிறகு வெளிநாட்டிலை திறந்த சுண்ணாம்புக்கல் அகழ்விலை. உம்மடை கேள்விக்கு ஓம் இல்லை எண்டு பதில் சொல்லுறவன் ரெண்டு பேரும் பொய் சொல்லுறான். மூண்டு இலக்கம் வேணும். உம்மடை நிலம் கடல் மட்டத்துக்கு மேலை எவ்வளவு உயரம், கிணத்துத் தண்ணி கடல் மட்டத்துக்கு மேலை எவ்வளவு, கிடங்கின்ரை அடி எங்கை நிக்குது.

ஏன் எண்டா எங்கடை குடாநாட்டுக்கு வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை. மாரிக்குப் பெய்யிற மழை செம்மண்ணுக்காலை இறங்கிக் கல்லுக்குள்ளை நிக்கிறதுதான் நாங்கள் அள்ளுற தண்ணி. கல்லு மயோசீன் காலத்துக் கல்லு, கோடி வருசக் கணக்கிலை பழசு, ஒண்டு உடைச்சுப் பாரும் சிப்பி சோகி அச்சுத் தெரியும், ஓட்டையும் வெடிப்பும் குகையுமா இருக்கும், நிலாவரைக் கிணறு அதுக்கு நல்ல உதாரணம். அந்த நல்ல தண்ணிக்குக் கீழை கடல் தண்ணி. ரெண்டுக்கும் நடுவிலை சுவர் ஒண்டும் இல்லை, பாரம் குறைஞ்சது மேலை மிதக்குது அவ்வளவுதான். கடல் தண்ணியின்ரை அடர்த்தி 1.025, நல்ல தண்ணி 1. அந்தச் சின்ன வித்தியாசத்திலையிருந்து வாறது, கடல் மட்டத்துக்கு மேலை 1 அடி நல்ல தண்ணி நிண்டா கீழை 40 அடி நல்ல தண்ணி நிக்கும். 1880களின்ரை கடைசியிலை ஒல்லாந்துக்காரர் பாடன் கைபனும் 1901 இலை ஜேர்மன்காரர் ஹேர்ஸ்பேர்க்கும் தனித்தனியாச் சொன்ன கணக்கு.

அதை இப்ப திருப்பிப் பாரும். மேலை 1 அடி இறக்கினா, கீழையிருந்து உப்பு 40 அடி ஏறப் பாக்கும்.

அதாலை கிடங்கு தன்ரை பாட்டிலை உம்மடை கிணத்தை உப்பாக்காது. பம்ப் தான் உப்பாக்கும். கிடங்குக்கை தண்ணி வந்தோடனை, காய விட்டு இன்னும் கிண்டுவம் எண்டு டீசல் பம்பைப் போடுவினம் பாரும், அண்டைக்குத்தான் நீர் பயப்பிட வேண்டியது.

சங்குச்சத்தம் அண்ணை, கீரிமலையைச் சொல்லி உந்தக் காணியை விளங்கப்படுத்தேலாது. கல்லு ஒவ்வொரு நூறு யார் தூரத்துக்கும் வேறை குணம்.

சங்குச்சத்தம் | ஓகஸ்ட் 10, காலை 8.02

எஞ்சினியர் ஐயா கோவிக்காதையுங்கோ. நான் கண்ணாலை கண்டதைச் சொன்னன்.

சுரங்கத்தான் | ஓகஸ்ட் 10, காலை 8.20

கோவம் இல்லை அண்ணை. நீங்கள் நீந்தினது எந்த மாசம் எண்டு நினைவிருந்தா சொல்லுங்கோ, தைக்கும் ஆவணிக்கும் மட்டம் எவ்வளவு இறங்கினது எண்டு தெரிஞ்சா அதுவே ஒரு தரவு.

சங்குச்சத்தம் | ஓகஸ்ட் 10, காலை 8.41

தைப்பொங்கல் லீவுக்கு விளிம்பிலை நிண்டு குதிக்கலாம். ஆவணியிலை கல்லுப் படியாலை இறங்கவேணும், ஒரு ஆள் உயரம் இறங்கியிருக்கும். இப்ப நினைக்கத்தான் தெரியுது.

ஸ்காபரோ மாமா | ஓகஸ்ட் 10, மாலை 5.50

இஞ்சை ஒன்ராறியோவிலை நான் கிறேவல் லொறி ஓடினனான். இஞ்சை லைசென்ஸே ரெண்டு விதம், தண்ணிமட்டத்துக்கு மேலை கிண்டுறது ஒண்டு கீழை கிண்டுறது ஒண்டு. மேலை கிண்டுற லைசென்ஸ் எண்டா மணல் குழி தண்ணிமட்டத்துக்கு ஒண்டரை மீற்றர் மேலையே நிப்பாட்டவேணும், கல்லுக்குழி 2 மீற்றர் மேலை. கீழை போக வேணும் எண்டா நிலத்தடி நீர் ஆய்வு அது இது எண்டு வருசக்கணக்கா இழுக்கும். ஊரிலை உந்தமாதிரி ஒண்டும் இல்லையோ?

சுரங்கத்தான் | ஓகஸ்ட் 10, இரவு 7.35

சட்டம் இருக்கு. 1992 ஆம் ஆண்டு 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள் கனிப்பொருட்கள் சட்டம். புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின்ரை அனுமதி இல்லாமல் கல்லு எடுக்கேலாது, எடுத்த கல்லை டிப்பரிலை கொண்டு போக அதுக்குத் தனி அனுமதி. மீன்குளம் எண்டு பேர் வைச்சாலும் டிப்பர் டிப்பர்தான். தம்பி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலை ஒரு கடிதம் போட்டு அனுமதிப்பத்திரத்தின்ரை பிரதி கேளும், 14 வேலை நாளுக்குள்ளை தருவம் தரமாட்டம் எண்டு முடிவு சொல்லவேணும்.

ஸ்காபரோ சொன்ன 2 மீற்றரை உம்மடை காணிக்குப் போட்டுப் பாப்பம். ஒண்டு கவனியும், கணக்கு ஓகஸ்ட் மட்டத்துக்கு இல்லை, மாரி கழிஞ்சு தண்ணி ஆக மேலை வாற மட்டத்துக்கு. சங்குச்சத்தம் அண்ணையின்ரை ஒரு ஆள் உயரத்தை எடுத்தா உம்மடை 22 அடி தையிலை 16, 17 அடி. அதுக்கு மேலை இன்னும் ஆறரை அடி விட்டா, கிண்டக்கூடியது வெறும் 10 அடி. அவை 18 போட்டினம். கல்லுக் காய்ஞ்சு கிடக்குது எண்டு அவை நினைக்கிறது ஆவணிக் காய்ச்சல்.

குழாயி ரீச்சர் | ஓகஸ்ட் 11, இரவு 8.10

நான் இரசாயனம் படிப்பிக்கிறனான். தம்பி, இப்பவே அளக்கத் துவங்குங்கோ, பிரச்சினை வந்தாப் பிறகு அளந்து பிரயோசனம் இல்லை, முதல் எப்பிடி இருந்தது எண்டு ஆரும் நம்பமாட்டினம்.

கடத்துதிறன் மீற்றர் ஒண்டு பேனை அளவிலை வருது, தண்ணி மின்சாரத்தை எவ்வளவு கடத்துது எண்டு காட்டும், உப்புக் கூடினா இலக்கமும் கூடும். ஆனா எல்லாரும் விடுற பிழை, வாளியாலை மேல் தண்ணியை அள்ளி அதிலை மீற்றரை வைக்கிறது. உப்பு கீழையெல்லோ இருக்கும். சோடாப் போத்தல் ஒண்டுக்குக் கல்லுக் கட்டி, தக்கையிலை வேறை நூல் கட்டி, அடி மட்டும் இறக்கிப்போட்டு நூலை இழுங்கோ, தக்கை கழண்டு அடித்தண்ணி நிரம்பும். மேல், நடு, அடி மூண்டும் எழுதுங்கோ. விடிய மோட்டர் போட முதல், எப்பவும் ஒரே நேரத்திலை.

இன்னொண்டு, தூரத்திலை இருக்கிற வேறை ஒரு கிணத்தையும் சேர்த்து அளக்கவேணும், கிடங்குக்கு ஒரு சம்மந்தமும் இல்லாத கிணறு. அது இல்லாட்டி, கோடை எண்டா எல்லாக் கிணறும் ஏறும்தானே எண்டு அவை ஒரு வசனத்திலை உங்களை முடிச்சுப்போடுவினம்.

குளோரைட்டு, அதுதான் உப்பின்ரை அளவு, வேணுமெண்டா தண்ணி மாதிரி கொண்டு வாங்கோ, வெள்ளி நைத்திரேற்றும் பொற்றாசியம் குரோமேற்றும் வைச்சு உயர்தரப் பிள்ளையளைக் கொண்டு நியமிப்புச் செய்து தாறன், அவைக்கும் ஒரு செய்முறை. குடிதண்ணிக்கு இலங்கைத் தரம் லீற்றருக்கு 250 மில்லிகிராம்.

பனங்கொட்டை | ஓகஸ்ட் 11, இரவு 8.44

ரீச்சர், எங்கடை பழைய தோட்டக் கிணத்திலை தண்ணிக்கு மேலை வானவில் மாதிரி மினுங்குது. மன்னாரிலை வாயு கண்டவை, அப்ப எங்கடை கிணத்துக்குக் கீழை பெற்றோல் எண்டு நான் பாஸ்போட்டைக் கிழிச்செறியட்டோ?

சுரங்கத்தான் | ஓகஸ்ட் 11, இரவு 9.30

பாஸ்போட்டை வைச்சிரும். 70களிலை சோவியத்காரரின்ரை உதவியோடை பேசாலையிலை துளைச்சவை, விக்கக்கூடிய எண்ணெய் வரேல்லை. 2011 இலை கெய்ர்ன் கொம்பனி மன்னார்க் கடலிலை டொராடோ, பரக்கூடா எண்டு ரெண்டு துளையிலை வாயு கண்டது, இன்னும் ஒரு வீட்டு அடுப்பும் அதிலை எரியேல்லை. எண்ணெய் எண்டா மூலப்பாறை வேணும், ஓட்டைப்பாறை வேணும், அதுக்கு மேலை மூடி வேணும். 30 அடியிலை மூடி இல்லாத கல்லுக்குள்ளை எண்ணெய் நிக்காது.

குழாயி ரீச்சர் | ஓகஸ்ட் 11, இரவு 9.52

தடியாலை அந்தப் படையைத் தட்டிப் பாருங்கோ. கண்ணாடி மாதிரி துண்டு துண்டா உடைஞ்சா அது இரும்புப் பற்றீரியா, ஒண்டும் இல்லை. உடைஞ்ச இடம் திரும்ப ஓடிச் சேர்ந்தா எண்ணெய். அப்பிடி எண்டா அது கீழையிருந்து வரேல்லை, மேலையிருந்து விழுந்தது, குடிக்காதையுங்கோ.

சுரங்கத்தான் | ஓகஸ்ட் 12, காலை 6.05

ரீச்சர் சொன்ன கடைசி வசனம்தான் நான் ராத்திரி முழுக்க யோசிச்சது. நாங்கள் எல்லாரும் உப்பு உப்பு எண்டு நிக்கிறம். எனக்கு அதைவிடப் பயம் மற்றது.

மண்ணும் மண்ணுக்குக் கீழை தண்ணி இல்லாத கல்லும் ஒரு வடி. மலக்குழித் தண்ணி, உரம், எண்ணெய் எல்லாம் அதுக்காலை மெல்ல மெல்ல இறங்கேக்கை கொஞ்சமாவது பிடிபடும். கிடங்கு வெட்டினா அந்த வடியை எடுத்தெறிஞ்சு போட்டு நிலத்தடித் தண்ணிக்கு நேர வாசல் வைச்ச மாதிரி. எங்கடை கல்லிலை வெடிப்பு இருந்தா தண்ணி மணலுக்குள்ளாலை போறமாதிரி ஊறிப் போகாது, குழாய்க்குள்ளாலை போறமாதிரிப் போகும். 60 மீற்றர் எனக்குத் தூரமாத் தெரியேல்லை. பெக்கோவிலை ஹைட்றோலிக் குழாய் ஒண்டு வெடிச்சா, வேலை முடிய ஆக்கள் குப்பையைக் கொண்டந்து கொட்டினா, பனங்கொட்டை முதல்நாள் பகிடியாச் சொன்ன அதே குப்பைக் கிடங்குதான், அது உம்மடை வாளியிலை வரும். உப்பு ஏறினா நாக்குச் சொல்லும். உரத்தாலையும் மலக்குழியாலையும் வாற நைத்திரேற்றுக்கு நாக்கு இல்லை.

ஊருக்கு_உழைப்பன் | ஓகஸ்ட் 12, மதியம் 1.15

எல்லாத்தையும் வேண்டாம் வேண்டாம் எண்டா பெடியளுக்கு வேலை எங்கை? சீமெந்து பக்ரறியைத் திரும்பத் திறந்தா ஆயிரம் குடும்பம் வாழும். ஜி.ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சரா இருக்கேக்கை கொண்டந்தது, அவருக்கு இருந்த தூரநோக்கு இப்ப ஆருக்கும் இல்லை. கல்லை மண்ணுக்குள்ளை வைச்சுப் பூசை செய்யிறதோ?

சுரங்கத்தான் | ஓகஸ்ட் 12, இரவு 8.40

வேலை வேணும் எண்டதிலை எனக்கு மறுப்பு இல்லை. நானும் கல்லுக் கிண்டித்தான் பிள்ளையளைப் படிப்பிச்சனான். ஒரு கணக்கு மட்டும் சொல்லுறன், நீரே முடிவு செய்யும்.

சீமெந்துக்கு முதல் கிளிங்கர் வேணும். சுண்ணாம்புக்கல்லும் களியும் சேர்த்து 1450 பாகை வரைக்கும் சூளையிலை சுடுறது, அந்தக் காலத்திலை களி முருங்கனிலையிருந்து வந்தது. சுடேக்கை 100 கிலோ கல்லிலை 44 கிலோ காபனீரொட்சைட்டாப் புகைக்கூட்டாலை போயிடும், மிச்சம் 56 தான். அதாலை 1 தொன் கிளிங்கருக்கு ஏறக்குறைய 1.4 தொன் கல்லு. நாளுக்கு 1000 தொன் எண்ட சின்னச் சூளை எண்டாலும் 1400 தொன் கல்லு, ஒரு கனமீற்றர் 2.2 தொன் எண்டு வைச்சா 640 கனமீற்றர். ஒரு பரப்பு 253 சதுரமீற்றர், 5 மீற்றர் ஆழம் கிண்டினா 1265 கனமீற்றர். அப்ப ரெண்டு நாளைக்கு ஒரு பரப்பு. மாசம் ஒரு ஏக்கர். இது மேலை சொன்ன 10 அடிக்கும் கீழை போய், 16 அடி கிண்டினாத்தான். 10 அடியிலை நிப்பாட்டினா மாசம் ஒண்டரை ஏக்கருக்கு மேலை.

புத்தளத்திலை அருவாக்காட்டிலையும் இதே மயோசீன் கல்லுத்தான், ஆனா அங்கை ஆள் இல்லாத காட்டு நிலம். வலிகாமத்திலை எந்த ஏக்கரிலை கிணறும் தோட்டமும் இல்லை எண்டு காட்டும்.

ஊருக்கு_உழைப்பன் | ஓகஸ்ட் 12, இரவு 9.05

கிளிங்கரைக் கப்பலிலை இறக்கி இஞ்சை அரைக்கலாமே?

சுரங்கத்தான் | ஓகஸ்ட் 12, இரவு 9.11

அதை நான் கை தூக்கி ஆதரிப்பன். கல்லுக் கிண்டாமல் வேலை.

மட்டுறுத்துனர் | ஓகஸ்ட் 12, இரவு 9.30

பக்ரறிக் கதைக்குத் தனி இழை திறந்திருக்கு, அங்கை போய் அடிபடுங்கோ. இஞ்சை கிணறு மட்டும்.

துலாக்கால் | செப்ரெம்பர் 14, இரவு 10.20

மன்னிக்கவேணும், ஒரு மாசமா எழுதேல்லை. நடந்ததைச் சொல்லுறன்.

நில அளவையாளர் ஒருத்தர், தெரிஞ்ச ஆள், மட்டமானி கொண்டந்து பக்கத்து மட்டக்குறிக் கல்லிலையிருந்து எங்கடை நிலம் கடலுக்கு மேலை எவ்வளவு எண்டு இழுத்துத் தந்தார். அதுக்கு முதல் நான் போனிலை பாத்தன், போன் 19 மீற்றர் எண்டுது, அடுத்த நாள் 3 மீற்றர் எண்டுது, சிரிப்பு வந்திட்டுது. உண்மை 7.5 மீற்றர். தண்ணி 6.7 மீற்றர் கீழை, அப்ப கடலுக்கு மேலை வெறும் 80 சென்ரிமீற்றர்.

ஓகஸ்ட் 13 மீற்றரிலை மேல் தண்ணி 980, அடித்தண்ணி 1420 மைக்ரோசீமன்ஸ். மாமி வீட்டுக் கிணறு, 600 மீற்றர் தள்ளி, அடித்தண்ணி 1100. கிடங்கு 26 அடிக்குப் போய், ஓகஸ்ட் 24 தண்ணி வந்து, ஐயா சொன்ன மாதிரியே நாலு இஞ்சி டீசல் பம்ப். முதல் ஒன்பது நாள் இரவு பகலா இறைச்சு றோட்டோரம் விட்டாங்கள். என்ரை தண்ணி 14 இஞ்சி இறங்கிச்சுது. செப்ரெம்பர் 2 அளந்தா அடித்தண்ணி 1910. மாமியின்ரை 1120. வெங்காயத்துக்கு மேல் தண்ணியை மட்டும் விட்டன், எண்டாலும் நுனி கருகத் துவங்கீட்டுது.

கடிதம் போட்டன். அனுமதி எடுத்தது வேறை ஒரு காணித் துண்டுக்காம், இந்த இலக்கத்துக்கு இல்லை. அந்தப் பிரதியும் என்ரை கொப்பி மட்டையும் கொண்டு கந்தோருக்குப் போனன். முதல் கந்தோரிலை உது எங்கடை வேலை இல்லை எண்டிட்டினம். ரெண்டாவதிலை இருந்த பிள்ளை கொப்பியை வாங்கி மாமி வீட்டு நிரலைக் கண்டிட்டு, இதை ஏன் அளந்தனீங்கள் எண்டு கேட்டா, விளங்கப்படுத்தினன், உடனை பெரியவரிட்டை கூட்டிக்கொண்டு போனா. ரீச்சருக்குக் கோடி புண்ணியம். செப்ரெம்பர் 6 பம்ப் நிண்டிட்டுது. பெக்கோ இன்னும் அங்கை நிக்குது.

சுரங்கத்தான் | செப்ரெம்பர் 15, காலை 6.10

நல்ல வேலை தம்பி, கம்பஸ் பெடியள் செய்யிறதைவிட வடிவாச் செய்திருக்கிறீர். 26 அடி எண்டா 7.9 மீற்றர், அப்ப கிடங்கின்ரை அடி கடல் மட்டத்துக்கும் கீழை போட்டுது.

ஆனா ஒண்டு சொல்லாமல் விட்டா நான் நேர்மையில்லாதவன். 14 இஞ்சி இறக்கத்துக்குப் புத்தகக் கணக்கு ஏறக்குறைய 47 அடி ஏற்றம், ஆனா அது ஒன்பது நாளிலை நடக்கிற காரியம் இல்லை, நிதானமா மாசக்கணக்கிலை வாறது. உமக்கு இவ்வளவு கெதியா ஏறினதுக்கு ஒண்டு வெடிப்பாலை நேர வந்திருக்கவேணும், இல்லாட்டி உம்மடை கிணத்தின்ரை அடித்தண்ணியே மட்டம் இறங்கக் கலங்கியிருக்கவேணும். எது எண்டு பம்ப் நிண்டாப் பிறகு வாற அளவுதான் சொல்லும். இப்ப எவ்வளவு?

துலாக்கால் | செப்ரெம்பர் 15, இரவு 8.00

நேற்று 1760. மட்டம் 9 இஞ்சி திரும்ப ஏறீட்டுது. அண்ணன் சொல்லுறான் கிணத்தை இன்னும் பத்தடி ஆழமாக்குவம் எண்டு.

சுரங்கத்தான் | செப்ரெம்பர் 15, இரவு 8.12

ஐயோ வேண்டாம். அண்ணனைப் பிடிச்சுக் கட்டும். ஆழமாக்கினா உப்பைத் தேடிப் போற மாதிரி. மோட்டரின்ரை உறிஞ்சிக் குழாயை மேலை தூக்கும், தண்ணிக்கு மூண்டடி கீழை இருந்தாக் காணும். ஒரேயடியா ரெண்டு மணித்தியாலம் இறைக்காமல் அரை அரை மணித்தியாலமா இறையும்.

சங்குச்சத்தம் | செப்ரெம்பர் 15, இரவு 9.25

ஐயா, நான் முதல் சொன்னதை வாபஸ் வாங்குறன் எண்டில்லை, ஆனா இண்டைக்கு எங்கடை வீட்டுக் கிணத்துக்கும் சோடாப் போத்தல் இறக்கினன். மீற்றர் இல்லை, ஆரிட்டையாவது இரவல் கிடைக்குமோ?

துலாக்கால் | செப்ரெம்பர் 15, இரவு 9.31

என்ரையை ஞாயிற்றுக்கிழமை கொண்டந்து தாறன் அண்ணை. திங்கள் விடிய எனக்குத் திரும்ப வேணும், அஞ்சரைக்கு முதல்.

பனங்கொட்டை | செப்ரெம்பர் 15, இரவு 9.50

தடியாலை தட்டிப் பாத்தன் ரீச்சர், துண்டு துண்டா உடைஞ்சுது. பெற்றோல் இல்லை. பாஸ்போட் பத்திரமா இருக்கு.